குலைநோய்: பனியின் மீது போட்ட பழி

மார்கழி முடியும் தறுவாயில், தஞ்சை மாவட்டத்தில் உள்ள எங்கள் கிராமத்துக்குச் சென்றிருந்தேன். தம்பி ஆறு மா நிலத்தில் சம்பா நட்டிருந்தான். வரப்பில் நின்று பார்த்தபோது பயிர் முற்றி வெளுத்துவிட்டது போன்ற தோற்றம். இறங்கிச் சென்று கதிரைக் கையில் எடுத்தால் எடையே இல்லை, அத்தனையும் பதர். கதிர் தாளோடு சேரும் கழுத்துப் பகுதி கருத்து, சுருங்கி, சில இடங்களில் ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"நாலு நாளைக்கு முன்னாடி வரைக்கும் நல்லாத்தாண்ணே இருந்துச்சு. ஒரே ராத்திரிப் பனியில இப்படி ஆயிடுச்சு" என்றான் தம்பி.

எங்கள் தந்தையும் இப்படித்தான் பனியின் மீது பழி போடுவார். நான் வாழ்நாள் முழுவதும் பொருளியல் கற்பித்தவன். நெல்லின் விலையைப் பற்றிப் பேசிய அளவுக்கு நெல்லைப் பற்றிப் பேசியவன் அல்லன். ஊர் திரும்பியதும், என்னுடன் பணியாற்றி ஓய்வுபெற்ற தாவரவியல் நண்பரிடம் நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் வாங்கிப் படித்தேன். தம்பி சொன்னதில் பாதி உண்மை என்று தெரிந்தது. ஓர் இரவுதான்; பனியும் காரணம்தான். ஆனால், அந்த இரவு அவன் நினைத்ததற்குப் பத்து நாட்களுக்கும் மேல் முந்தையது.

குலைநோயை உண்டாக்குவது ஒரு பூஞ்சை. நெடுங்காலம் பைரிகுலேரியா ஒரைசே என்ற பெயரிலும், பின்னர் மேக்னபோர்தே ஒரைசே என்ற பெயரிலும் அறியப்படுவது. முதல் பெயருக்குக் காரணம், அதன் வித்து பேரிக்காய் வடிவில் இருப்பது. மூன்று அறைகள் கொண்ட அந்த வித்து ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு நீளம்தான் இருக்கும். பெரும்பாலும் இரவிலும் விடியலுக்கு முன்னும் காற்றில் கிளம்பும். நெல் இலை மெழுகு பூசியது போன்றது. தண்ணீர் அதில் ஒட்டாமல் உருண்டோடிவிடும். இந்த வித்தோ ஈரம் பட்ட உடனே தன் நுனியிலிருந்து ஒரு பசையை வெளியிட்டு, அந்த வழுக்கு இலையில் ஒட்டிக்கொள்கிறது.

இதன்பின் நடப்பது, பொருளியல் படித்தவனை வியக்க வைக்கும் ஒரு முதலீடு. இலைக்குள் நுழையும்வரை இலையிலிருந்து அதற்கு ஒரு துளி உணவும் கிடைக்காது. கையிருப்பில் கொண்டுவந்ததை வைத்துத்தான் எல்லாம் செய்தாக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் வித்திலிருந்து மெல்லிய முளைக்குழாய் ஒன்று கிளம்பும். தான் தொடும் பரப்பு கடினமானதா, நீர் ஒட்டாததா என்று அது உணர்ந்துகொள்ளும். ஏற்ற இடம் என்று தெரிந்ததும் குழாயின் முனை வீங்கி, கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு குமிழாக மாறும். வித்தில் இருந்த கொழுப்பு, சர்க்கரை ஆகிய சேமிப்புகள் எல்லாம் அந்தக் குமிழுக்குள் சென்று சேரும். வித்தின் மூன்று அறைகளும் தம்மைத் தாமே செரித்துக்கொண்டு மடிந்துவிடும். இவ்வாறு வித்து மடிவதை ஆய்வகத்தில் தடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அப்போது பூஞ்சையால் இலைக்குள் நுழைய முடியவில்லை. தன் முதல் முழுவதையும் ஒரே இடத்தில் வைக்காவிட்டால் அதற்கு வெற்றி இல்லை.

குமிழின் சுவரில் மெலனின் என்ற கருநிறப் பொருள் ஓர் அடுக்காகப் படிகிறது. நம் முடிக்கும் தோலுக்கும் நிறம் தரும் பொருளும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். குமிழின் உள்ளே கிளிசரால் சேருகிறது. திரைப்படங்களில் கண்ணீருக்குப் பயன்படும் கிளிசரின்தான் இது. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்புவதைப் பார்த்திருப்போம். அதேபோல், கிளிசரால் செறிந்த குமிழ் வெளியில் இருக்கும் பனிநீரை உள்ளே இழுக்கிறது. தண்ணீர் உள்ளே வரலாம். கிளிசரால் வெளியே கசிய முடியாதபடி மெலனின் அடுக்கு தடுக்கிறது. அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்.

எவ்வளவு ஏறும்? 1991-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அளந்தது. 80 வளிமண்டல அழுத்தம் வரை என்பது விடை. காரின் டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போல் 35 மடங்குக்கு மேல். கடலில் 800 மீட்டர் ஆழத்தில் ஒரு பொருள் தாங்க வேண்டிய அழுத்தத்துக்கு இது சமம். அந்த அழுத்தம் முழுவதும் குமிழின் அடியில் உள்ள ஒரு நுண்ணிய முளையின் வழியாக இலையைத் துளைக்கிறது. நெல் இலையை மட்டுமல்ல, ஆய்வாளர்கள் வைத்த பிளாஸ்டிக் தாளையும் அது துளைத்தது. அழுத்தத்துக்குக் காரணம் கிளிசரால் என்பதை 1997-ல் நிக்கோலஸ் டால்பட் குழுவினர் கண்டுபிடித்தனர்.

ஆக, பனிதான் இந்தப் பூஞ்சையின் ஆயுதத்துக்கு மருந்து. இலை இரவு முழுவதும் நனைந்திருந்தால் குமிழ் முதிர்ந்து துளைத்துவிடும். நள்ளிரவில் காற்று வீசி இலை உலர்ந்துவிட்டால் பாதி வேலையில் இருக்கும் முளை காய்ந்து மடியும். கார்த்திகையிலும் மார்கழியிலும், பகலில் மேகமூட்டமும் இரவில் கனத்த பனியும் கொண்ட டெல்டாவின் வானிலை இதற்கென்றே அமைந்தது போல் இருக்கிறது.

உள்ளே நுழைந்த பூஞ்சை உடனே அழிவு வேலையைத் தொடங்குவதில்லை. நான்கைந்து நாட்கள் அது உயிருள்ள செல்களுக்குள் ஓசையின்றி வளர்கிறது. ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் போவதற்குத் தாவரம் வைத்திருக்கும் நுண்வழிகளையே பயன்படுத்திக்கொள்கிறது. தன்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கச் சில புரதங்களைச் செல்லுக்குள் அனுப்பிக் காவலை மயக்குகிறது. அந்த நாட்களில் வயலில் இறங்கிப் பார்த்தால் பசுமைதான் தெரியும். பிறகுதான், இரு முனையும் கூர்மையாய், நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பும் கொண்ட கண் வடிவப் புள்ளி தோன்றும். ஒவ்வொரு புள்ளியும் இரவுதோறும் ஆயிரக்கணக்கான வித்துகளை வெளியிடக்கூடியது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வீணாகின்றன. ஆனாலும், ஒரு கணக்குக்காக, ஒரு புள்ளியிலிருந்து வாரத்துக்கு ஐந்தே புதிய புள்ளிகள் உருவாவதாகக் கொள்வோம். ஆறாவது வாரத்தில் 15,625 ஆகிவிடும். கூட்டு வட்டியை மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குப் பணிக்காலத்தில் கிடைக்கவில்லை.

இலையில் வந்தால் பயிர் ஓரளவு சமாளித்துவிடும். கதிர்க் கழுத்தில் வந்தால் மணிக்குப் பால் செல்லும் வழியே அடைபட்டுப் போகிறது. தம்பியின் வயலில் நடந்தது அதுதான். கதிர் வெளிவந்த நாட்களில், ஏதோ ஒரு பனியிரவில் கழுத்தில் விழுந்த வித்து, கதிர் வெளுத்த பிறகுதான் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. அவன் கடைக்காரர் சொல் கேட்டு முதலில் குருத்துப்பூச்சிக்கான மருந்தை அடித்திருக்கிறான். வெண்கதிர் என்றால் பூச்சி என்ற நினைப்பு. பூச்சி தாக்கிய கதிரை இழுத்தால் எளிதாகக் கையோடு வந்துவிடும். குலைநோய் தாக்கிய கதிர் அப்படி வராது, கழுத்தும் கருத்திருக்கும். இந்தச் சிறு வேறுபாடு தெரியாததன் விலை, ஒரு முழுத் தெளிப்பின் செலவு.

இரண்டாவதாக அடித்தது டிரைசைக்ளசோல். குலைநோய்க்கு நம் நாட்டில் பரவலாக விற்கும் மருந்து இது. இது செயல்படும் விதம் பலருக்கும் தெரியாது. இது பூஞ்சையைக் கொல்லும் நஞ்சு என்பதைவிட, அது மெலனின் தயாரிப்பதைத் தடுக்கும் மருந்து என்பதே சரி. மெலனின் இல்லாத குமிழில் அழுத்தம் நிற்காது. அழுத்தம் இல்லாவிட்டால் துளைக்க முடியாது. ஆகவே, வித்து விழுவதற்கு முன்போ, விழுந்த உடனோ மருந்து இலையில் இருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ளே சென்றுவிட்ட பூஞ்சைக்கு இனி மெலனினும் வேண்டாம், குமிழும் வேண்டாம். கழுத்து கருத்த பிறகு தெளிப்பது, திருடன் உள்ளே வந்த பின் வாசற்கதவைப் பூட்டுவதற்கு ஒப்பாகும். வேளாண் பரிந்துரைகள் கதிர் வெளிவரும் பருவத்தை வலியுறுத்துவதன் காரணம் இதுவே. ஆனால், நோயைக் கண்ணால் காணாதபோது மருந்துக்குப் பணம் செலவிடக் கடனில் பயிர் செய்யும் ஒருவருக்கு மனம் வருவதில்லை. கண்டபின் செலவிடுகிறார், அது வீணாகிறது.

இங்கிருந்துதான் என் துறை தொடங்குகிறது. குலைநோய் தழைச்சத்து மிகுந்த பயிரை விரும்பும் என்பது வேளாண் அறிவியலில் பழைய செய்தி. தழைச்சத்து கூடினால் இலை மிருதுவாகிறது. தூர்கள் அடர்ந்து, உள்ளே காற்று நுழையாமல், காலை பத்து மணியானாலும் பனி உலர்வதில்லை. இலைக்கு உறுதி தரும் சிலிக்காவின் பங்கும் குறைகிறது. யூரியாவின் விலையோ 45 கிலோ மூட்டைக்கு, வரியும் வேப்பம் பூச்சுக் கட்டணமும் நீங்கலாக, 242 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. பொட்டாஷுக்கும் டிஏபிக்கும் விலை பல மடங்கு அதிகம். விலை சொல்லும் வழியில்தான் விவசாயி நடப்பார். கரும்பச்சையாக நிற்கும் பயிரைப் பார்த்து ஊரே பாராட்டுகிறது. மலிவான யூரியாவால் ஒரு செலவை மிச்சப்படுத்தி, அதனால் வரும் நோய்க்கு விலை உயர்ந்த மருந்தை வாங்குகிறோம். மானியத்தின் கணக்கை எழுதும்போது இந்த இரண்டாவது செலவை யாரும் சேர்ப்பதில்லை.

அடுத்தது ரகம். டெல்டாவில் இந்த நோய்க்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. இந்தியாவில் இது 1913-ல் பதிவானது. 1919-ல் தஞ்சை டெல்டாவில் பெருந்தாக்குதலாக வெடித்தது. அதைப் பற்றிப் பூஞ்சையியலாளர் மெக்ரே 1922-ல் எழுதிய அறிக்கை, உலக அளவில் குலைநோய் நூல்களில் இன்றும் குறிப்பிடப்படுகிறது. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் நோயைத் தாங்கும் கோ 4 என்ற ரகத்தைத் தேர்ந்தெடுத்ததும், அதை ஆடுதுறை 10 ரகத்துடன் கலந்து கோ 25 ரகத்தை உருவாக்கியதும் இந்த அனுபவத்தின் தொடர்ச்சியாகவே. நோய் எதிர்ப்புக்கென்றே நெல்லைக் கலப்பினம் செய்யும் பணியில் இந்த மண் முன்னோடிகளில் ஒன்று என்பது நமக்கு மறந்துபோயிற்று.

எதிர்ப்புத்திறன் நிலைப்பதில்லை என்பதுதான் சிக்கல். நெல்லில் உள்ள காவல் மரபணு, பூஞ்சை அனுப்பும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் கண்டுகொண்டு, தாக்கப்பட்ட செல்லைத் தானே மடியச் செய்கிறது. உயிருள்ள செல் இல்லாமல் பூஞ்சையும் அங்கேயே முடங்கும். அந்த ஒரு புரதத்தை மாற்றிக்கொண்ட பூஞ்சை வகை உருவாகிவிட்டால் காவல் பயனற்றுப் போகிறது. ஒரே ரகம் எவ்வளவு பரப்பில் பரவியிருக்கிறதோ, அவ்வளவு பெரிய பரிசு அந்தப் புதிய வகைக்குக் காத்திருக்கிறது. தென் கொரியா 1970-களில் அதிக விளைச்சல் தரும் 'டோங்கில்' வகை நெல்லை அரசின் முழு ஊக்கத்துடன் பாதிக்கும் மேற்பட்ட பரப்பில் பரப்பியது. 1977-ல் தன்னிறைவைக் கொண்டாடியது. 1978-ல் அதே வயல்களைக் குலைநோய் தாக்கியது.

கோதுமையில் நடந்தது இன்னும் எச்சரிக்கையானது. 1985-க்கு முன் கோதுமையில் இந்நோய் அறியப்பட்டிருக்கவில்லை. அந்த ஆண்டு பிரேசிலின் பரானா மாநிலத்தில் தோன்றியது. அங்கே பெருமளவில் பயிரிடப்பட்ட ஒரு கோதுமை ரகத்தில், பூஞ்சையைத் தடுத்துவந்த ஒரு காவல் மரபணு இல்லை என்பதும், புல்லில் வாழ்ந்த பூஞ்சை அந்த ரகத்தின் வழியாகவே கோதுமைக்குத் தாவியது என்பதும் 2017-ல் வெளியான ஆய்வின் முடிவு. 2016-ல் அது கடல் கடந்து வங்கதேசத்தில் சுமார் 15,000 ஹெக்டேரைத் தாக்கியது. எல்லைக்கு இப்பால், மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத், நதியா மாவட்டங்களில் கோதுமை சாகுபடியையே அரசு நிறுத்திவைக்க நேர்ந்தது.

வங்கம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1943 பஞ்சத்தைப் பற்றி அமர்த்திய சென் எழுதியதை நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தினேன்: அரிசி இல்லாததைவிட, அரிசியை வாங்கும் தகுதியை மக்கள் இழந்ததே பஞ்சத்தின் வேர் என்பது அவர் வாதம். அதே பஞ்சத்துக்கு முந்தைய பருவத்தில் நெல்லை இன்னொரு பூஞ்சை, பழுப்புப் புள்ளி நோயை உண்டாக்கும் பூஞ்சை, எந்த அளவுக்கு அழித்தது என்று எஸ். ஒய். பத்மநாபன் 1973-ல் எழுதிய கட்டுரையை ஒருமுறையும் வகுப்பில் குறிப்பிட்டதில்லை. சென் சொன்னது தவறென்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால், வயலில் என்ன நடந்தது என்று கேட்காமலேயே சந்தையைப் பற்றி முடிவுக்கு வரும் பழக்கம் எங்கள் துறையில் உண்டு, எனக்கும் இருந்தது.

நம் சந்தை கேட்பது சன்ன ரகம். தம்பி நட்டிருந்தது ஆந்திரா பொன்னி என்று நாம் அழைக்கும் பிபிடி 5204. சோற்றுக்கு அருமை, குலைநோய்க்கு எளிதில் இரையாகும். விலை கூடுதலாகக் கிடைக்கும்வரை அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் வயலில் பெருகும் வித்துகள் அடுத்த வயலுக்குப் போவதற்கான விலையை அவனிடம் யாரும் வசூலிப்பதில்லை. அடுத்த வயல்காரர் அளவுக்கு மீறி இட்ட யூரியாவுக்கான விலையையும் அவர் இவனுக்குத் தருவதில்லை.

சந்தை வேறுவிதமாகக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு பாசுமதி சான்று. ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் அரிசியில் டிரைசைக்ளசோல் எச்சத்தின் வரம்பைக் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01 மில்லிகிராமாக, அதாவது நூறில் ஒரு பங்காகக் குறைத்தது. ஏற்றுமதியாளர்கள் திணறினர். சில ஆண்டுகளில் தில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் குலைநோய், பாக்டீரியா இலைக் கருகல் ஆகிய இரண்டையும் தாங்கும் பூசா பாசுமதி 1847, 1885, 1886 ஆகிய ரகங்களை வெளியிட்டது. நமது பொன்னி வகைகளுக்கும் ஆராய்ச்சி நிலையங்களில் முயற்சிகள் நடக்கின்றன. ஆனால், ஐரோப்பியரின் தட்டுக்காகக் காட்டப்பட்ட வேகம் நம்முடைய தட்டுக்காகக் காட்டப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அங்கே மறுக்கப்படும் எச்சத்தை இங்கே அளந்து கேட்பவர் யார்?

காப்பீடு இருக்கிறதே என்பார்கள். நெல்லுக்கு நோயால் வரும் இழப்பைக் காப்பீடு கணக்கிடுவது தனி வயலை வைத்து அல்ல. கிராமம் போன்ற ஓர் அலகின் சராசரி விளைச்சலை வைத்து. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் இது ஓரளவு பொருந்தும். குலைநோய் மரநிழல் விழும் வயலையும், உரம் மிகுந்த வயலையும், பனி தேங்கும் தாழ்வான வயலையும் தேடிப் பிடிக்கிறது. பக்கத்து வயலை விட்டுவிடுகிறது. எங்கள் ஊரின் சராசரி நன்றாகவே இருந்தது. தம்பிக்கு அந்தச் சராசரியால் பயன் இல்லை.

சீனாவின் யுன்னான் மாகாணத்தில் 1998, 1999 ஆண்டுகளில் நடந்த ஒரு சோதனையை அவனிடம் சொன்னேன். நோய்க்கு எளிதில் இரையாகும், ஆனால் நல்ல விலை பெறும் பசைத்தன்மையுள்ள நெல்லை, நோய் தாங்கும் வீரிய ஒட்டு நெல்லின் வரிசைகளுக்கு இடையே ஒரு வரிசையாக நட்டார்கள். இரண்டாம் ஆண்டில் 3,342 ஹெக்டேர் வரை இது நடந்தது. தனியாக நட்ட வயல்களோடு ஒப்பிட்டால், பசை நெல்லில் குலைநோயின் கடுமை 94 விழுக்காடு குறைந்தது. விளைச்சல் 89 விழுக்காடு கூடியது. குலைநோய்க்கான மருந்துத் தெளிப்பே தேவையற்றுப் போனது. ஒரு வித்து காற்றில் எழுந்தால் அடுத்து விழும் இலை அதற்கு ஏற்றதாக இருக்கும் வாய்ப்பு குறைந்தது. உயர்ந்து நின்ற பசை நெல்லின் இலைகளில் காற்றும் வெயிலும் பட்டு, பனி விரைவில் உலர்ந்தது.

தம்பி பொறுமையாகக் கேட்டான். பிறகு, "அவங்க கையால அறுத்திருப்பாங்கண்ணே. இங்க மெஷின்தான் வரும். ரெண்டு ரகமும் கலந்து வந்தா வியாபாரி விலை வைப்பானா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. வரிசை வரிசையாக வேண்டாம், ஆறு மாவில் இரண்டு மாவுக்காவது வேறு ரகம் போடலாமே என்றேன். யோசிக்கிறேன் என்றான். வரும் சம்பாவுக்கு யூரியாவில் ஒரு மூட்டையைக் குறைத்து, இருப்பதை மூன்று தவணையாகப் பிரித்து இடவும், கதிர் வெளிவரும்போதே மருந்தடிக்கவும் ஒப்புக்கொண்டிருக்கிறான். விதை மட்டும் அதே பிபிடிதான். சித்திரையிலேயே வாங்கி வைத்துவிட்டான்.